படகுக் காட்சியில் ஒரு கீறல்

மன்னிப்பு கேட்க முடியாது என்று சொல்வதற்காகவே இளவேனில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, மேலப்புதூரில் இருந்த பேட்ரிசியாவின் வீட்டுக்கு வந்திருந்தாள். உதவி கேட்டு வந்தவளாகத் தெரியவில்லை. சண்டைக்கு வந்தவள் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

பேட்ரிசியா இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் பொய்களைக் கேட்டுக் கேட்டு, யார் எதைச் சொன்னாலும் முகம் மாறாத பொறுமை அவருக்கு வந்திருந்தது. பக்கத்து வீட்டு ஜைத் அதற்கு நேர்மாறு. செல்போன் கடை வைத்திருப்பவர். பேட்ரிசியாவிடம் வழக்கு ஏதாவது வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், கடையை இழுத்துச் சாத்திவிட்டு வந்து நிற்பார். அன்றும் வந்து நின்றார்.

இளவேனில் ஒரு திரைப்படச் சங்கத்தின் செயலாளர். அன்புச்செல்வன் என்ற புது இயக்குநர் தன் முதல் படத்தை, வெளியாவதற்கு முன்பே சங்கத்தில் திரையிடச் சம்மதித்து ஒரு டிவிடி கொடுத்திருந்தார். திரையிடுவதற்குள் படம் இணையத்தில் வந்துவிட்டது. வாங்குவதாகச் சொன்ன தியேட்டர்காரர்கள் நழுவிவிட்டார்கள். பழி நேராக இளவேனில் தலையில் வந்து விழுந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. சங்கத்துக்கு வரும் ஒவ்வொரு டிஸ்க்கையும் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து, சாதாரண டிஸ்க்கில் அடங்கும்படி சுருக்கி, அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். காவிரிக்கரை ஈரத்தில் டிஸ்க்குகள் பூஞ்சை பிடித்துப் போகின்றன. அவளுடைய பிரதி இல்லையென்றால் சங்கத்தில் பாதிப் படங்கள் ஓடாது. அதை எல்லோரும் இப்போது வசதியாக மறந்துவிட்டார்கள்.

"பிரதி எடுத்தேன். இல்லைன்னு சொல்லலை. யாருக்கும் குடுக்கலை," என்றாள். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுட்டு விலகணுமாம். செய்யாத தப்புக்கு என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதுங்க."

டிஸ்க் யார் யார் கைக்குப் போனது என்று பேட்ரிசியா நிதானமாக விசாரித்தார். சத்திரம் பேருந்து நிலையத்தில் வைத்து அன்புச்செல்வன் அதைச் சங்கத் தலைவர் அற்புதசாமியிடம் கொடுத்தார். ஓய்வு பெற்ற பேராசிரியர், சங்கத்தை ஆரம்பித்தவர். மணப்பாறையில் லோக்கல் கேபிள் சேனல் நடத்தும் அவருடைய மருமகன்தான் சங்கத்தின் அறிவிப்புகளை இலவசமாக ஓட்டுகிறவர். சில நாள் கழித்து, கவரைக்கூடப் பிரிக்கவில்லை என்று சொல்லி அற்புதசாமி அதை இளவேனிலிடம் கொடுத்தார். அன்று சாயங்காலமே அவள் பிரதி எடுத்தாள். டிஸ்க்கில் ஒரு கீறல் இருந்தது. பரிசலும் படகும் வரும் காட்சியில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. உடனே அன்புச்செல்வனுக்குப் போன் செய்து சொன்னாள்.

"இணையத்துல வந்த படத்துலயும் அந்த இடம் உடையுதா?" என்று கேட்டார் பேட்ரிசியா.

"தெரியாது. திருட்டுப் பிரதியை நான் பார்க்க மாட்டேன்."

பேட்ரிசியா முதல் தடவையாகச் சிரித்தார். "உங்க ரோஷம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களைக் காப்பாத்தற சாட்சியை இத்தனை நாளா பூட்டி வெச்சிருக்கிறதும் அதுதான்."

ஜைத் இரண்டு மடிக்கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இளவேனில் பையில் கொண்டுவந்திருந்த பிரதியையும் இணையத்திலிருந்து இறக்கியதையும் ஓட்டினார். இளவேனிலின் பிரதியில் படகு கட்டங்களாகச் சிதறியது. இணையத்துப் பிரதியில் அதே படகு அலுங்காமல் போனது. இளவேனிலுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. விளம்பரத்துக்காக இயக்குநரே செய்த வேலை என்று ஜைத் அடித்துச் சொன்னார். மேலே ஓடட்டும் என்றார் பேட்ரிசியா.

இடைவேளை வந்தது. இளவேனிலின் பிரதியில் எழுத்து தோன்றி மறைந்ததும் அடுத்த காட்சி தொடங்கிவிட்டது. மற்றதில் எழுத்துக்கு முன்னும் இருட்டு, பின்னும் இருட்டு. கம்ப்யூட்டர் நின்றுவிட்டதென்று நினைத்து ஜைத் விசைகளைத் தட்டிப் பார்த்தார். "காப்பி பண்ணவே தெரியாத ஆள் போலக்கா," என்றார்.

"நல்லாத் தெரிஞ்ச ஆள்," என்றார் பேட்ரிசியா.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்து மாடி ஹாலில் உறுப்பினர்கள் காத்திருக்க, பக்கத்து அறையில் அற்புதசாமியையும் அன்புச்செல்வனையும் இளவேனிலையும் பேட்ரிசியா உட்கார வைத்தார். ஜைத் கதவை ஒட்டி நின்றுகொண்டார்.

"குடுக்கும்போது டிஸ்க்ல கீறல் இருந்துச்சா?" என்று பேட்ரிசியா அன்புச்செல்வனைக் கேட்டார்.

முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்ததாகவும், டிஸ்க் தன் கைக்கு வந்த அன்றைக்கே இளவேனில் போனில் கீறலைப் பற்றிச் சொன்னதாகவும் அவர் சொன்னார்.

"அப்போ, இணையத்துல வந்தது கீறல் விழறதுக்கு முன்னாடி எடுத்தது," என்றார் பேட்ரிசியா. "பிரிக்காத கவருக்குள்ள கீறல் விழாது."

"பிரதி எடுத்துட்டு கீறலை அவங்களே போட்டிருந்தா?" என்றார் ஜைத். இளவேனில் அவரை முறைத்தாள்.

"அப்படியும் சொல்லலாம். அதனாலதான் இடைவேளையைப் பார்த்தேன். படத்தைச் சுருக்கறவங்க இடத்தை மிச்சம் பண்ணுவாங்க, வெறும் இருட்டைக் கொண்டுவந்து சேர்க்க மாட்டாங்க. இடைவேளைக்கு முன்னாடியும் பின்னாடியும் இடம் விடறது கேபிள் சேனல்காரங்க வழக்கம். ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரமெல்லாம் அங்கதானே உக்காரணும். டிஸ்க் மணப்பாறைக்குப் போயிட்டு வந்துச்சா சார்?"

அற்புதசாமி தரையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். படம் வெளியானதும் சேனலில் போடலாம், இப்போதே தயார் செய்து வைக்கிறேன் என்று மருமகன் கேட்டிருக்கிறான், இவர் கொடுத்துவிட்டார். அங்கே வேலை செய்யும் யாரோ அதை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். இளவேனில்மேல் பழி போனபோது இவர் வாயைத் திறக்கவில்லை. அது மட்டுமா, அவள் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று மைக் பிடித்து முதலில் சொன்னவரே இவர்தான். இந்த மனிதர் வரும்போதெல்லாம் இளவேனில் எழுந்து நின்றிருக்கிறாள்.

"என் பொண்ணோட வாழ்க்கைம்மா," என்றார் அவர். "எங்கயோ லீக் ஆயிடுச்சுன்னு சொல்லி முடிச்சுக்கலாம். நீங்களே செயலாளரா இருங்க. இந்தக் காப்பி எடுக்கறதை மட்டும் விட்டுடுங்க. சங்கத்துக்கும் நல்லது."

"விட மாட்டேன் சார். நாளைக்கும் எடுப்பேன். நான் எடுக்கலைன்னா அந்த அலமாரியில பூஞ்சைதான் மிஞ்சும்." அவள் குரல் ஏறவில்லை. "உங்க மருமகனைப் பத்தி இயக்குநர் முடிவு பண்ணட்டும். எனக்கு வேண்டியது வேற. என் பேரை எந்த மைக்ல சொன்னீங்களோ, உங்க பேரை அதே மைக்ல சொல்லுங்க."

அன்புச்செல்வன் எழுந்து அவள் பக்கம் போய் நின்றார்.

இளவேனில் கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குள் போனாள். மன்னிப்பு கேட்க வருகிறாள் என்று நினைத்துக் கூட்டம் பேச்சை நிறுத்தியது. அவள் மைக்கை எடுத்தாள். "இன்னிக்கு இங்க மன்னிப்பு உண்டு. கேக்கப் போறது நான் இல்லை," என்று சொல்லி, பின்னாலேயே வந்த அற்புதசாமியின் கையில் அதைக் கொடுத்தாள். பிறகு இறங்கிப் போய், முதல் வரிசையில் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அவளைப் பார்க்காமல் அவரால் பேச முடியாது.

அற்புதசாமி மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தார். முதலில் தன் பெயரைச் சொன்னார்.