மொட்டையாகிப் போன மரக்கட்டை

மதிய உணவு மணி அடித்ததும், மினோரியின் ஐந்தாம் வகுப்பில் எல்லாரும் மேசைகளை இழுத்து ஒட்டிப் போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். மினோரியின் மேசையும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது. ஆனால் பக்கத்து மேசைக்கும் அதற்கும் நடுவில் ஓர் இடைவெளி. ஒருநாள் அவளுடைய சாப்பாட்டுக் குச்சி அதற்குள் விழுந்தது. யாரும் எடுத்துத் தரவில்லை.

அவள் ஏப்ரலில்தான் ஜப்பானின் டோயாமா ஊருக்குக் குடிவந்தாள். அவளுக்குக் கிடைத்த இடமோ, ஊர் மாறிப் போன ஷூமாவுடையது. ஷூமா வகுப்புக்கே செல்லப்பிள்ளை.

"அது ஷூமா இடம்," என்று பக்கத்து மேசை இட்சுகி முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஷூமா பார்த்துவந்த மீன்தொட்டி வேலையும் மினோரி தலையில்தான் விழுந்தது. தொட்டியில் சில குட்டி இறால்களும் ஒரு மரக்கட்டையும் இருந்தன. கட்டையின் மேல் ஷூமா நூலால் கட்டி வளர்த்த மாஸ் செடி. தண்ணீருக்குள்ளேயே படர்ந்து வளரும் பொடிச் செடி அது.

ஜூன் மாதத்தில் அது திடீரென்று பச்சைப் பசேல் என்று ஆனது.

"லீவுக்கு ஷூமா வர்றான்ல, பார்த்தா அசந்துடுவான்!" என்று எல்லாரும் குதித்தார்கள்.

மினோரி மட்டும் குதிக்கவில்லை. பழைய ஊரில் அவளும் ஒரு குடுவையில் மாஸ் வளர்த்தாள். இதே போன்ற பச்சையைப் பார்த்துத்தான் அன்று ஏமாந்துபோனாள்.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். மாஸ் என்றால் தண்டெல்லாம் பொடி இலை இருக்க வேண்டும். ஷூமா வளர்த்த வகையில் ஒவ்வொரு கிளையும் நுனி குறுகி, குட்டி ஊசியிலை மரம் போல இருக்கும். இதிலோ இலையே இல்லை. வெறும் வழவழ நூல்பாசி! உண்மையான செடி அதற்கு அடியில் பழுப்பாகிக் கிடந்தது.

இடைவேளையில் எல்லாரும் பந்து விளையாட ஓடினார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டு, நூடுல்ஸ் சுற்றுவது போலப் பாசியைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள். அழுகிய கிளைகளைக் கத்தரித்தாள். கடைசியில் கட்டை கிட்டத்தட்ட மொட்டையாகிவிட்டது.

தொப்பியை எடுக்க வந்த இட்சுகி அப்படியே நின்றான்.

"ஏய்! ஷூமா செடியைப் பிச்சுப் போடுறியா?"

"செடி இல்ல, பாசி. நீயே பாரு."

அவன் பூதக்கண்ணாடியில் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"வெயில் அதிகமாப் பட்டா பாசி வந்துடும்," என்றாள் மினோரி. "யாரோ தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்காங்க. தீனியும் அள்ளிப் போட்டிருக்காங்க."

இட்சுகியின் காது சிவந்தது. "நான்தான். ஷூமா வரும்போது பெருசா இருக்கணும்னு..."

அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

"ஐயையோ, மொட்டை! யாரு பண்ணது?"

மினோரி இட்சுகியைப் பார்த்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. நண்பன் இல்லாத வலி அவளுக்குத் தெரியாதா என்ன?

"நான்தான் வெட்டினேன்," என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"வந்ததும் வராததுமா ஷூமா செடியைத் தீர்த்துக் கட்டிட்டா!"

இட்சுகி தொப்பியை எடுத்துக்கொண்டு நழுவினான்.

மறுநாள் மேசை இடைவெளி இன்னும் அகலமானது. மாலையில் அம்மா வேலையிலிருந்து வரும்வரை வீட்டில் யாரும் இல்லை. சோறு வெந்ததும் ரைஸ் குக்கர் பாட்டுப் பாடியது. "நன்றி," என்றாள் மினோரி. அன்று மதியத்திலிருந்து அவள் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

ஆனாலும் அவள் தொட்டியை விடவில்லை. அதை நிழலுக்கு நகர்த்தச் சொல்லி டீச்சரிடம் கேட்டாள். குழாய்த் தண்ணீரின் மருந்து போவதற்காக வாளியில் முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். தீனியைக் குறைத்தாள். ஒருநாள் பார்த்தால், யாரோ முன்னாலேயே வாளியை நிரப்பி வைத்திருந்தார்கள். மறுநாளும் அப்படியே.

லீவு விடுவதற்குச் சற்று முன்பு, ஒரு காலை. தொட்டியில் மூக்கை ஒட்டி நின்ற இட்சுகி கத்தினான்.

"வந்துடுச்சு! மினோரி, துளிர் வந்துடுச்சு!"

கட்டையின் மேல் இளம்பச்சையாக, நுனி குறுகிய குட்டிக் கிளைகள். எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க," என்றான் இட்சுகி. "ஜன்னல் பக்கம் வெச்சதும் நான், தீனியைக் கொட்டினதும் நான். செடியைக் காப்பாத்தினது இவ. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

"ஏன்டா இத்தனை நாள் சொல்லல?"

"பயமா இருந்துச்சு. இவ வேற காட்டியே கொடுக்கல."

எல்லாரும் மறுபடி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

மதிய மணி அடித்தது. சாப்பாடும் பாலும் மேசைகளுக்கு வந்தன. இட்சுகி தன் மேசையை வேகமாகத் தள்ளினான். டங்கென்று இரண்டு மேசைகளும் மோதிக்கொண்டன.

"ஏய், என் பால்!" என்று மினோரி கத்தினாள்.

"கத்தாத, துணி எடுத்துட்டு வர்றேன்!" என்று அவன் ஓடினான்.

சிந்திய பால் மேசை ஓரத்துக்கு ஓடியது. ஆனால் நடுவில் ஒழுகிப் போக இடமே இல்லை.