உள்ளோட்டம்

மூன்று கிளையாட்களும் "முடிந்தது" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பியதால் சிப்பித் தெருவில் அன்று லட்டு கொடுத்தார்கள். மறுநாள் காலை ஆணை வெளியானது. மனு தள்ளுபடி.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. தூத்துக்குடியின் கரையோரத் தெருக்களையெல்லாம் குடிபெயர்ப்பு ஆணையம் மேட்டுத் திட்டுகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. தெருவாகச் சேர்ந்து போக வேண்டுமென்றால் நிலம், நீர், படகுத்துறை என்று மூன்று சாளரங்களிலும் ஒரே அமர்வில் அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் குலுக்கல்தான், வீட்டுக்கு ஒரு திசை.

சாளரத்துக்கு யாரும் நேரில் போவதில்லை. கிளைநிலையத்தில் நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். உங்கள் மனத்திலிருந்து ஒரு கிளையாள் பிரியும். அந்தச் சாளரத்துக்கென்று எழுதிவைத்த கட்டளைச்சுருள் சொல்கிறபடி வாதாடும். வேலை முடிந்ததும் கலைந்துபோகும். புறப்படும்போது உங்கள் மனச்சூழலைப் பிரதி எடுத்துக்கொள்ளும். பணிவு எவ்வளவு, பொறுமை எவ்வளவு, எது நினைவில் இருக்கிறது, எதை விட்டுத்தர மாட்டீர்கள் என்பதெல்லாம் அதில் அடக்கம். போன இடத்தில் எதை மாற்றிக்கொண்டாலும் அது கிளையாளோடு போய்விடும். உங்களுக்கு வந்துசேர்வது ஒரே ஒரு சொல்.

ஆரம்பத்தில் எல்லாமே திரும்பி வந்துகொண்டுதான் இருந்தது. ஒருவர் ஒரு கிளையாளைக் கல்யாணத்துக்கும் இன்னொன்றைச் சாவு வீட்டுத் துட்டிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியிருந்தார். இரண்டும் சேர்ந்து வந்து இறங்கவே, பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து மாரடித்து அழுதார். அதற்குப் பிறகுதான் ஒரு சொல் விதி வந்தது.

சிப்பித் தெருவுக்காகப் பேசப்போன பிரகாசியைக் கவிழ்த்ததும் அந்த விதிதான். தெற்குத் திட்டு காலி இல்லை என்று நிலச் சாளரம் சொன்னதும், அவளுடைய கிளையாள் விடாமல் பேசிக் கிழக்குத் திட்டை வாங்கிவிட்டது. அது மற்ற இரண்டுக்கும் தெரியாது. அவை காலையில் எடுத்துக்கொண்டு போன மனத்தோடு தெற்குத் திட்டுக்கே தண்ணீரும் துறையும் வாங்கி வந்தன. ஆணையின் விவரமோ அமர்வு முடிந்த பிறகுதான் வெளியாகும். எந்தத் திட்டு காலி என்பதும் அமர்வுக்கு அமர்வு மாறும். மூன்று வெற்றிகள், ஒன்றும் உதவாது. மீதி இருந்தது இன்னும் ஒரே ஒரு அமர்வு.

"மூணு பிள்ளைய மூணு கடைக்கு அனுப்பி, ஒண்ணு வாங்குனது இன்னொண்ணுக்குத் தெரியாட்டி என்னத்தப் பொங்க அண்ணாச்சி?" என்று கிளைநிலையத்தை நடத்தும் வேலாயுதப்பெருமாளிடம் கேட்டாள்.

பிரகாசி ஐஸ் ஆலையில் மேற்பார்வை பார்ப்பவள். பேசிச் சலிக்க மாட்டாள் என்றுதான் தெரு அவளை அனுப்பியது. அவளுக்குச் சொந்தமாகவும் ஒரு காரணம் இருந்தது. அது அவள் தம்பி கித்தேரியான்.

கித்தேரியானுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. படகு எஞ்சின் பார்ப்பதில் கெட்டிக்காரன். செவிப்பொறி வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு இரைச்சலிலா இருக்கிறீர்கள் என்று கையால் கேட்டுக் கழற்றி ஸ்பேனர் பெட்டியில் போட்டுவிட்டான். அவனோடு பேசிப் பேசியே தெருவுக்கு ஒரு கைப்பேச்சு உண்டாகியிருந்தது. பிள்ளைகள் வாய்ப்பேச்சுக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டன. பெரியவர்கள் பூசை நேரத்தில் சத்தமில்லாமல் வம்பளக்க வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துச் சைகை வேறு, இது வேறு. ஆணையத்தின் மொழிபெயர்ப்புப் பொறி ஒருதரம் அவன் கையைப் படித்து, எஞ்சினில் உப்பு ஏறிவிட்டது என்றதை ராணிக்குக் கல்யாணம் என்று சொன்னது. எதிரெதிரே நின்ற இரண்டு வரிசை வீடுகளைத் தவிர அந்தப் பேச்சு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. குலுக்கலில் தெரு சிதறினால், கித்தேரியான் முதல் முறையாக ஊமையாவான்.

வேலாயுதப்பெருமாள் மோவாயைத் தடவினார். வேறொரு வழி இருக்கிறது, ஆனால் யாருக்கும் சொல்வதில்லை என்றார். பிரகாசி நகரவில்லை.

"கிளை விடாம ஓட்டலாம்மா. சுருள ஒங்க மனசுக்குள்ளயே ஓட்டுறது. உள்ளோட்டம்னு பேரு. ஒரு சுருள் வச்சது அடுத்த சுருளுக்கு அப்படியே இருக்கும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சுருள் எழுதுறவன் கிளையாளுக்குன்னுதான் எழுதுதான். இடிக்கப்போற வீட்ட எவன் பாத்துப் பொழங்குவான்? கடைசி வரில என்னத்த எழுதிருக்கானோ. எல்லாம் முத்திரை வச்சது, எனக்கே தெரியாது."

அன்று மாலை தம்பியிடம் சொன்னாள். கித்தேரியான் இரண்டு விரலை இடது புருவத்தில் வைத்து அவளைக் கூப்பிட்டான். அவள் புருவத்தில் சின்ன வயதில் துடுப்பு பட்ட தழும்பு இருந்தது. கைப்பேச்சில் அவளுக்கு அதுதான் பேர். போன தடவை லட்டு வீணாய்ப் போனது, இந்தத் தடவை கெட்டுப்போகாத மாதிரி மிக்சர் வாங்குவோம் என்றான்.

அமர்வு நாளில், பட்டையைக் கட்டும் முன் வேலாயுதப்பெருமாள் ஒரு காரியம் செய்தார். நிலச் சாளரத்தில் என்ன காரணம் சொல்லப்போகிறாள் என்று கேட்டு வைத்துக்கொண்டார். யார் வீட்டை ஒட்டி யார் வீடு, யாருக்கு யார் துணை என்று வாசல் வாசலாகச் சொன்னாள். பிறகு நிலச்சுருள் ஓடியது. கிழக்குத் திட்டு கிடைத்தது. கிடைத்தது அவள் மனத்திலேயே நின்றது. கண்ணைத் திறந்தவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, அடுத்தது போடலாங்களா" என்றாள். நிலச்சுருள் ஏற்றிவிட்ட பணிவு இறங்கவே இல்லை. அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர், ஒங்க இடதுபக்கத்து வீடு யாரு என்று கேட்டார்.

பிரகாசி யோசித்தாள். ஒரு வீடு இருக்கிறது என்பது தெரிந்தது. பிலோமினா அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள், ஒரே சுவரின் அந்தப் பக்கத்தில் பிறந்தவள். பேர் வரவில்லை.

அப்போதுதான் கடைசி வரி என்னவென்று வேலாயுதப்பெருமாளுக்குப் புரிந்தது. சாளரத்தில் எந்தக் காரணத்தைச் சொல்லி வாங்கினாளோ அந்தக் காரணத்தைச் சுருள் துடைத்துவிட்டுப் போகிறது. கலையப்போகும் கிளையாளுக்கு அது வேண்டாத சாமான். நிறுத்திவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். ஐயா சொன்னால் சரிதான், ஆனால் போடுங்கள் என்று பணிவாகவே சொன்னாள்.

நீர்ச் சாளரம் மனுதாரர்களைச் சலிக்கவைத்தே விரட்டுகிற இடம். அதற்கென்றே அந்தச் சுருளில் பிடிவாதத்தை உச்சியில் வைத்திருந்தார்கள். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுச் சாளரம்தான் கடைசியில் ஓய்ந்தது. கிழக்குத் திட்டுக்குக் குழாய் கிடைத்தது. தெருக்குழாயடியில் போட்ட சண்டைகளெல்லாம் அவள் நினைவிலிருந்து போயின. பணிவும் போயிருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மூன்றாவது படகுத்துறை. படகுகளை வீடுகளின் கண்ணுக்கெட்டும் தூரத்தில் கட்ட வேண்டும் என்று கேட்க வேண்டும். அதற்குக் காரணம் ஒன்றுதான். கரையில் நிற்கும் கித்தேரியானும் தண்ணீரில் இருப்பவர்களும் கையால் பேசிக்கொள்கிறார்கள்.

"காரணம் சொல்லாமக் கேட்டா?"

"தர மாட்டான்."

"வேற எதையாவது சொன்னா?"

"பொய்னா பட்டையே காட்டிக் குடுத்திரும்." வேலாயுதப்பெருமாள் குரலைத் தாழ்த்தினார். "எம்மா, நீங்களும் தம்பியும் ஒரே வீடுதான. குலுக்கல்ல எங்க போட்டாலும் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடலாம்லா. அதயும் எதுக்கு விடுதீங்க?"

பிரகாசி தன் கைகளைப் பார்த்தாள். விரல்களை ஒருதரம் மடக்கி விரித்தாள்.

"நான் ஒருத்தி பேசுனா அவனுக்குக் காணுமா? அவன் வம்பளக்கணும், சண்ட போடணும், நாலு பேரு அவன ஏசணும். கட்டுங்க அண்ணாச்சி."

அது அவள் பிடிவாதமா, நீர்ச்சுருள் விட்டுப்போன பிடிவாதமா என்று அவருக்குத் தெரியவில்லை. பட்டையைக் கட்டினார்.

மூன்றும் ஒரே திட்டுக்குக் கிடைத்தன. அவள் வந்து சேர்வதற்குள் செய்தி தெருவுக்கு வந்திருந்தது. தெருமுனையில் நின்று பார்த்தபோது எல்லோரும் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பது முகங்களிலிருந்து தெரிந்தது. கித்தேரியான் மிக்சர் பொட்டலத்தோடு ஓடிவந்தான். அவள் தம்பி, அவன் முகம் தெரிந்தது, அவன் பிறந்த நாள்கூட நினைவிருந்தது. அவன் இரண்டு விரலைப் புருவத்தில் வைத்தான், முஷ்டியை நெஞ்சருகே கொண்டுவந்து விரித்தான். அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெறும் கையாக இருந்தது.

அவன் இன்னொரு முறை, மெதுவாகச் செய்தான். பிறகு கையைத் தொங்கப்போட்டான்.

பக்கத்து வீட்டு பிலோமினாதான் முன்னால் வந்து, அவன் என்ன சொல்கிறான் என்றால் என்று ஆரம்பித்தாள்.

"நீ யாருன்னு தெரியல, ஆனா நீ சொல்லாத," என்றாள் பிரகாசி. "அவனே சொல்லட்டும்."

உள்ளோட்டத்தில் வென்றவர்கள் மறுபடி ஒரு குறையும் சொல்லி வருவதில்லை என்பதை ஆணையம் சீக்கிரமே கவனித்தது. எதற்காகக் கேட்டோம் என்பதே மறந்துபோனவர்களுக்குக் குறை ஏது. எல்லா மனுதாரர்களுக்கும் உள்ளோட்டமே சிறந்தது என்று சுற்றறிக்கை வந்தது. நீர்ச்சுருள் விட்டுப்போகும் பிடிவாதத்தை யாரும் யோசிக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் எல்லா அலுவலக வாசல்களிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், தெரியாது, ஆனால் போகப்போவதில்லை என்றார்கள். அதிகாரிகளே சொந்தக் காரியங்களுக்கு உள்ளோட்டம் போட்டிருந்ததால், வாசலில் நின்றவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அவர்களும் காரணமில்லாமல் நின்றார்கள்.

கடைசியில் எல்லோருடைய பிடிவாதத்தையும் பழைய அளவுக்கு இறக்கிவிட உத்தரவானது. பட்டையும் புதிய சுருளுமாக வேலாயுதப்பெருமாள் கிழக்குத் திட்டுக்கு வந்தார்.

பிரகாசி படகுத்துறைப் படியில் கித்தேரியானுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சற்று முன்புதான், எஞ்சினைக் கழற்று என்று சொல்ல நினைத்து, மீன் மாமியாரைத் தின்றுவிட்டது என்று சொல்லியிருந்தாள். தண்ணீரில் படகுகளில் இருந்தவர்களெல்லாம் அதை ஒருவருக்கொருவர் கையால் அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த பிலோமினா, ரெண்டு வயசுப் பிள்ளை இவளைவிட நல்லாப் பேசும் என்று வாயாலும் கையாலும் சொன்னாள்.

வேலாயுதப்பெருமாள் வந்த காரியத்தைச் சொன்னார். வலிக்காது, உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்றார்.

அவள் தம்பியின் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. எனக்கு இங்கன வேல கெடக்கு."

வந்தவர் என்ன கேட்கிறார் என்று கித்தேரியான் முகவாயை உயர்த்தினான். பிரகாசி கைகளைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அவன் தலையை ஆட்டினான். தப்பு.

அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.