ஆறு மீட்டரில் ஒரு நிறுத்தம்

இன்னும் தண்ணீரில் இறங்கவேயில்லை. ஆனால் முக்குளிப்பின் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர், அவள் கடலுக்கடியிலிருந்து மேலே வந்து பன்னிரண்டு நிமிடம் ஆகிறது என்று காட்டியது.

படகின் விளிம்பில் உட்கார்ந்தபடி கையைக் கொழுந்தனிடம் நீட்டினாள். அவன் தன்னுடையதையும் திருப்பிப் பார்த்தான். அதிலும் பன்னிரண்டு.

"காலையில தொட்டியில அலசினோம்ல, அதையும் முழுக்குன்னு எண்ணியிருக்கும். கிளம்புங்க அண்ணி."

"இதை நம்பி இறங்க வேண்டாம். அட்டவணைப்படி போவோம். முப்பது மீட்டர், இருபது நிமிஷம்."

அவன் முகம் கடுத்தது. "உங்க அட்டவணை எங்க அண்ணனைச் சக்கர நாற்காலியில உக்கார வெச்சது போதும்."

படகோட்டி காது கேளாதவர் போலக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவன் அவள் போட்ட கணக்குப்படிதான் மூழ்கினான், கணக்குப்படிதான் எழுந்தான். ஆனாலும் உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகி முதுகுத்தண்டைப் பிடித்துவிட்டது. எல்லாம் சரியாகச் செய்தாலும் இப்படி நடப்பதுண்டு என்றார் மருத்துவர். கொழுந்தன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முக்குளிப்புக் கடையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டான், இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினான், ஒன்றை விலங்கு மாட்டுவது போல அவள் கையில் மாட்டிவிட்டான். அவளோ எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் பிளாஸ்டிக் அட்டவணையை இன்னமும் சட்டைப் பையில் செருகித்தான் வைத்திருந்தாள்.

மிதவையின் நங்கூரச் சங்கிலியைப் பார்த்துவர வேண்டும். அதுதான் வேலை. இறங்க இறங்க வெளிச்சம் பச்சையாகி, பச்சை சாம்பலாகி, குளிர் ரப்பர் உடைக்குள் கழுத்து வழியே நூல் நூலாக இறங்கியது. எங்கோ சங்கிலி சங்கிலியோடு உரசி, யாரோ பல்லை நறநறவென்று கடிப்பது போலக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே தன் மூச்சின் இழுப்பையும் விடுப்பையும் தவிர அவளுக்குத் துணை எதுவுமில்லை. இருபதாவது நிமிடம் கட்டைவிரலை உயர்த்தினாள். மேலே போகலாம்.

கயிற்றைப் பிடித்து ஏறினார்கள். ஆறு மீட்டரில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒருசேரக் கீச்சிட்டன. நில். எட்டு நிமிடம்.

அட்டவணைப்படி, நைட்ரஜன் வெளியேற இப்படி நடுவில் நிற்கவே வேண்டியதில்லை. இருந்தாலும் நின்றாள். கணவனின் கால்கள் கண்முன் வந்தன. நின்றுதான் ஆக வேண்டும்.

ஒரு நிமிடம் போனது. எட்டு, ஒன்பது ஆனது. பிறகு பதினொன்று. பதினேழு. நிற்க நிற்கக் குறைய வேண்டிய எண் ஏறிக்கொண்டே போனது.

அவள் மேலே கைகாட்டினாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நில். அவள் சிலிண்டரில் ஐம்பது பார் அழுத்தத்துக்குக் காற்று இருந்தது, அவனிடம் முப்பது. எண் நாற்பதைத் தொட்டது.

அவள் கயிற்றை விட்டாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். மாஸ்க்குக்குள் அவன் கண்களில் பயமில்லை. வெறுப்பு மட்டும் இருந்தது. எண்பது. அவனுக்கு இருபது பார். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. முழங்காலால் அவன் நெஞ்சில் இடித்துக் கையை விடுவித்துக்கொண்டு மேலேறினாள்.

"தம்பி எங்கம்மா?" என்றார் படகோட்டி.

"வரமாட்டேங்கறான்ணே. காத்து தீரப்போகுது. அந்த ஸ்பேர் சிலிண்டரைக் கயித்துல கட்டி இறக்குங்க."

இறக்கினார். பத்து நிமிடம் கழித்து இழுத்தபோது சிலிண்டர் முழுசாகவே வந்தது. அதன் வால்வைக்கூட யாரும் தொடவில்லை. படகோட்டி ரேடியோவில் உதவி கேட்டார். மீட்புப் படகு வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

அவள் கயிற்றடியில் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொத்துக் கொத்தாக, நிதானமாக வந்தன.

"மூச்சு விடறாரும்மா. கவலைப்படாதீங்க."

"இருபது பார்தாண்ணே இருந்துச்சு. எப்பவோ தீந்திருக்கணும்."

உச்சி வெயில் சுட்டது. அரை மணி. முக்கால் மணி. குமிழிகள் நிற்கவில்லை. பிறகு அவை நகர்ந்தன. கயிற்றை விட்டு. படகுக்கு அடியில். ஏணிப் பக்கம்.

ஏணியின் மேல்படியில் ஒரு கை விழுந்தது.

"வந்துட்டாரு!" என்று குனிந்த படகோட்டி, அப்படியே பின்னால் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

கொழுந்தன் ஏறிவந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். காற்றளவு முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அவன் மாஸ்க் நிறையக் கடல்நீர். ஒரு சொட்டு வழியவில்லை. அதற்குள் கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. வாய்க்குழாயிலிருந்து குமிழிகள் கிளம்பி, அவன் காதோரம் உருண்டு, வெயிலில், வெறும் காற்றில், மெல்ல மேலே ஏறின.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். மறுகையை விரித்துக் காட்டினான். அவள் கம்ப்யூட்டர் கீச்சிட்டது: ஆறு மீட்டர்.

நில்.

அலற வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு பெரிய குமிழி பிரிந்து, தளும்பித் தளும்பி, ஆகாயத்தைப் பார்த்து ஏறியது.