பல்புப் பெட்டிக்கு ஒரு பெடல்

என் அம்மாவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும். இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. "கொழுந்து பறிக்கிற அம்மாவா?" என்று கேட்பார்கள். ஆமாம், அதே அம்மாதான். பெயர் நேசராணி. காலையில் தேயிலை, சாயங்காலம் கிட்டார்.

கிட்டார் என் மாமாவுடையது. கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போனபோது அதை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். கூடவே ஒரு பழைய அம்ப்பையும் விட்டுப் போனார். அம்ப் என்றால் கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி. எங்கள் பெட்டிக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தால், உள்ளே நான்கு கண்ணாடிக் குமிழ்கள் மஞ்சளாக எரியும். அதனால் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் லயத்தில், ஒரே வரிசையில் ஒட்டி நிற்கிற வீடுகளில், எல்லாரும் அதைப் 'பல்புப் பெட்டி' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். அதனால் பின்னால் ஒரு வம்பு வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்துச் சர்ச்சில் அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. பூசணிக்காய், வாழைக்குலை, சேவல் எல்லாம் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். பாடகர் குழு புதுப்பாட்டு ஒன்று பாடும். இரண்டாவது சரணத்துக்கும் மூன்றாவது சரணத்துக்கும் நடுவில், எல்லாரும் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனக, அம்மா தனியாகக் கிட்டார் வாசிக்க வேண்டும். மொத்தமே நாலு வரி. அதற்கு மெட்டு அம்மாவே போட்டார். மூன்று மாதமாக வேலை முடிந்து வந்து, கை கழுவி, வாசித்து வாசித்துப் பழகினார்.

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒத்திகையில் அந்த இடம் வந்தது. இருபத்திரண்டு பேரும் "ம்ம்ம்" என்றார்கள். அம்மாவின் விரல்கள் ஓடின. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை.

குழுவை நடத்துகிற றொபின்சன் சேர் நல்லவர். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"பெட்டிய இன்னும் கூட்டி வைக்க ஏலாதா?"

"கூட்டினா, மத்த இடத்துல பாட்டையே அமுக்கிருதுங்க சேர்."

"அப்ப... அந்த நாலு வரிய மட்டும் கீபோட்டுத் தம்பிய வாசிக்கச் சொல்லலாமா நேசராணி?"

"செரிங்க சேர்," என்றார் அம்மா.

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. எல்லாரும் போன பிறகு சேரிடம் ஓடினேன்.

"சேர், சனிக்கிழம கடைசி ஒத்திகைல அம்மா வாசிக்கிறது கேட்டிச்சின்னா, அம்மாவே வாசிக்கலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். "கேட்டா தாராளமா வாசிக்கட்டும் கேஷானி," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா விரல்களைத் தடவிக்கொண்டே வந்தார். "கை வலிக்குது" என்று மட்டும் சொன்னார். கை ஒன்றும் வலிக்கவில்லை, எனக்குத் தெரியாதா?

அன்று மாமா போன் பண்ணினார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ஒரு பூஸ்ட் பெடல் வாங்கிட்டாப் போச்சு, காசு அனுப்புறேன்," என்றார் மாமா. கிட்டாருக்கும் பெட்டிக்கும் நடுவில் வைக்கிற சின்ன டப்பாவாம். காலால் ஒரு தரம் மிதித்தால் சத்தம் எழும்பும். இன்னொரு தரம் மிதித்தால் பழையபடி அடங்கும்.

"பெடலா? தையல் மெசினுக்கா?" என்று அப்பா கேட்டார். என் அப்பா பிலிப்புக்கு எதையும் ஒருமுறையாவது கிண்டல் பண்ணியாக வேண்டும்.

நான் பதுளையில் ஆறாம் வகுப்புப் படிக்கிறேன். என் பக்கத்து மேசை றிப்னாவின் அப்பா ஸனூஸ் (அவள் 'வாப்பா' என்பாள்), பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மைக்கும் ரேடியோவும் விற்கிற கடை வைத்திருக்கிறார். திங்கட்கிழமை பள்ளி விட்டதும் றிப்னா என்னை அங்கே கூட்டிப் போனாள்.

"எந்த மாதிரி அம்ப் மகள்?" என்று கேட்டார் அவர்.

"பல்புப் பெட்டி அங்கிள்."

"ஆ, அதுவா." அவர் அலுமாரித் தட்டில் வரிசையாக நின்ற பெட்டிகளைக் காட்டினார். பாட்டுப் போட்டால் சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்னுகிற பெட்டிகள். "இப்ப எல்லாரும் பல்பு எரியிற பெட்டிதான் கேக்குறாங்க."

நான் தலையை ஆட்டிவிட்டேன். எங்கள் பெட்டியிலும்தான் பல்பு எரிகிறதே.

அவர் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து, கடையிலிருந்த கிட்டாரையும் கடைப் பெட்டியையும் அதில் மாட்டி வாசித்துக் காட்டினார். மிதித்ததும் சத்தம் அப்படியே இரண்டு மடங்கு ஆனது. "கொண்டு போய்ப் பாருங்க மகள். சரிவராட்டி திருப்பிக் கொண்டு வாங்க," என்றார்.

வீட்டில் சத்தத்தைக் குறைவாக வைத்துப் பார்த்தோம். அருமையாக வேலை செய்தது. புதன்கிழமை சர்ச்சுக்குப் பெட்டியைத் தூக்கிப் போய், ஒத்திகையில் வைக்கிற அளவுக்குச் சத்தத்தை வைத்தோம். அம்மா வாசித்தார், பெடலை மிதித்தார்.

சத்தம் கூடவே இல்லை. கரகர என்று ஒரு இரைச்சல்தான் வந்தது. எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி இருந்தது.

"பெட்டிக்குத் தொண்ட கட்டிருச்சு," என்றார் அப்பா.

அம்மா சிரித்தார். பிறகு வயரைக் கழற்றிச் சுற்ற ஆரம்பித்தார். "போதும் கண்ணு, விட்டுரு. கீபோட்டுல வாசிச்சாலும் அது நான் போட்ட பாட்டுதானே," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் றிப்னாவிடம் டப்பாவைக் கொடுத்தேன்.

"வாப்பாட பெட்டில நல்லாத்தானே கேட்டிச்சு?" என்றாள் அவள்.

"உங்க வாப்பா பெட்டியில..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டேன். அதுதானே விஷயம். அவர்கள் பெட்டியில் கேட்டு என்ன பிரயோசனம்? எங்கள் பெட்டியில் அல்லவா கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

"றிப்னா, எங்க பெட்டிய உங்க கடைக்குக் கொண்டு வரலாமா?"

"கொண்டு வாவன். யாரு வேணாம்னது?"

சனிக்கிழமை காலை அம்மா வேலைக்குப் போய்விட்டார். இரண்டரை மணி வரை வேலை, மூன்று மணிக்கு ஒத்திகை. இரவு வேலை முடிந்து தொழிற்சாலையிலிருந்து வந்த அப்பாவை நான் தூங்க விடவில்லை.

"பாப்பா, இந்தப் பெட்டி அரை மூட்ட சீமெந்துக் கனம்," என்று முனகிக்கொண்டே தூக்கினார். பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைப் பின்னால் போடச் சொன்னார்.

"உள்ள கண்ணாடி இருக்குங்க," என்றார் அப்பா.

"அப்ப மடியில வச்சிக்குங்க."

பதுளை வரும்வரை அப்பா பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினார்.

கடையில் பெட்டியை இறக்கி வயரைச் செருகியதும், ஸனூஸ் அங்கிள் பின்பக்கம் குனிந்து பார்த்தார். அப்படியே நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"புள்ள, இது வால்வு அம்ப். நீங்க பல்புப் பெட்டின்னு சொன்னீங்க."

"எங்க லயத்துல இதத்தான் பல்புப் பெட்டின்னு சொல்லுவோம் அங்கிள்."

"என்ட பிழை. நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்." அவர் அந்தக் குமிழ்களைக் காட்டினார். "இதுதான் வால்வு. சத்தத்தக் கூட்டி வச்சா, இது ஏற்கனவே மூச்சுப் பிடிச்சுப் பாடிக்கிட்டு இருக்கு. அதுக்கு மேல புடிச்சுத் தள்ளினா கரகரக்கத்தான் செய்யும். கொஞ்சம் சத்தத்த இறக்கி வச்சிட்டு, வேற சாமான் பாப்போம்."

நீல டப்பா ஒன்றை மாட்டி வாசித்தார். பளீரென்று இருந்தது. "இதான் சரி," என்றார்.

அப்பா உடனே சட்டைப் பையில் கை வைத்தார். எனக்கு என்னவோ திருப்தியில்லை. போன தடவையும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"அங்கிள், அங்க அம்மா தனியா வாசிக்கிறதில்ல. எல்லாரும் 'ம்ம்ம்'னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க. இங்கயும் எல்லாரும் ம்ம்ம்னு சொல்றீங்களா?"

கடையில் அப்போது டியூசன் முடிந்து வந்த றிப்னா இருந்தாள், ரேடியோ திருத்த வந்த ஒருவர் இருந்தார், வயர் வாங்க வந்த ஒரு அம்மா இருந்தார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். றிப்னா முகத்தைப் புத்தகப் பையால் மூடிக்கொண்டாள்.

அப்பாதான் முதலில் "ம்ம்ம்" என்றார். தொழிற்சாலை மெசின் ஓடுகிற மாதிரி ஒரு குரல். ரேடியோக்காரர் சிரித்துக்கொண்டே சேர்ந்தார். வயர் வாங்க வந்தவர், "எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகுது, சீக்கிரம் முடிங்க," என்று சொல்லிவிட்டு அவரும் சேர்ந்தார். றிப்னா பைக்குள்ளிருந்தே முனகினாள். அம்மாவின் நாலு வரியை நான் பாடிக் காட்ட, ஸனூஸ் அங்கிள் மூன்றாவது தரம் சரியாகப் பிடித்துவிட்டார். சர்ச்சில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்குமா என்று பார்க்க, நான் ரோட்டைக் கடந்து எதிர்ப் பக்கம் போய், கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

நீல டப்பா கேட்டது. ஆனால் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி கேட்டது. அம்மா அப்படி வாசிக்க மாட்டார்.

திரும்பி வந்து, "வேற இருக்கா அங்கிள்?" என்று கேட்டேன்.

"ஒன்னுதான் இருக்கு. அது வேணாம் மகள்." மேசைக்கு அடியிலிருந்து கீறல் விழுந்த ஒரு பச்சை டப்பாவை எடுத்தார். "ரெண்டு பேர் வாங்கிட்டுத் திருப்பித் தந்துட்டாங்க. கேளுங்களேன்."

வாசித்தார். மூக்கடைத்தவர் பாடுகிற மாதிரி இருந்தது. ரேடியோக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா, "இதுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கணும்," என்றார்.

"அந்த ரெண்டு பேரும் எப்படிக் கேட்டாங்க அங்கிள்? தனியா வச்சா?"

"தனியாத்தான்."

"அப்ப இன்னொருக்கா எல்லாரும் ம்ம்ம் சொல்லுங்க."

மறுபடி ரோட்டைக் கடந்தேன். ஒரு பஸ் உறுமிக்கொண்டு போனது. அது போனதும் கேட்டது. அடியில் அப்பாவின் "ம்ம்ம்" நிறைந்து கிடந்தது. அதற்கு மேலே அம்மாவின் நாலு வரி ஒவ்வொரு சுரமாக வந்தது. கத்தவில்லை, கரகரக்கவில்லை. மூக்கடைப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை.

நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே இரண்டு கையையும் ஆட்டினேன். ஸனூஸ் அங்கிள் நம்பாமல், கிட்டாரை அப்பாவிடம் கொடுத்து ஒரு கம்பியை மட்டும் தட்டச் சொல்லிவிட்டு, தானும் ரோட்டைக் கடந்து வந்து கேட்டார்.

"ஒரு வருசமா இத மேசைக்கு அடியில போட்டு வச்சிருந்தேன்," என்றார்.

மூன்று மணிக்கு அம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே சர்ச்சுக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலால் பச்சை டப்பாவை மிதித்து, தனியாக வாசித்துப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"என்ன கண்ணு இது, சளி புடிச்ச மாதிரி இருக்கு?"

"தனியா கேக்காதீங்கம்மா. அவங்களோட சேந்து கேளுங்க."

"கேஷானி, எல்லாருக்கும் முன்னால..."

"ஒரே ஒரு தடவம்மா."

 அம்மா கிட்டாரை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. கீபோட் அண்ணன் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு சேரைப் பார்த்தார். சேர் அம்மாவைப் பார்த்தார். நான் முன்வரிசை வாங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு பேரும் "ம்ம்ம்" என்றார்கள். அம்மா மிதித்தார்.

கேட்டது. கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது. பண்டிகைக்குக் கட்டி வைத்திருந்த சேவல்கூடக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. அம்மா தலையைக் குனிந்தபடியே வாசித்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. நாலு வரி முடிந்ததும் மறுபடி மிதித்து, சத்தத்தை அடக்கினார்.

இப்போது மூன்றாவது சரணம் பாட வேண்டும். யாரும் பாடவில்லை. கை காட்ட வேண்டிய றொபின்சன் சேர் கையைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார்.

"சேர், மூணாவது சரணம்," என்றார் அம்மா மெதுவாக.

"ஆமா, ஆமா." சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நேசராணி, அந்த இடம் ரொம்பச் சின்னதா இருக்கே. இன்னும் ஒரு நாலு வரி கூட்டி வாசிக்க ஏலுமா?"

"நாளைக்குப் பண்டிகைய வச்சிக்கிட்டு எப்படிங்க சேர்?" என்றார் அம்மா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விரல்கள் ஐந்தாவது வரியைத் தேட ஆரம்பித்துவிட்டன.