ஆளில்லாத தில்லி

காய்கறிக்காரனின் வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

தில்லி துவாரகாவில் ஓர் அடுக்குமாடி சொசைட்டியின் மூன்றாவது மாடி பால்கனியில், ஆறிய காப்பியோடு நின்றிருந்த அக்ஷய் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மே மாதக் காலை. பால்கனிக் கம்பி அதற்குள்ளேயே கையைச் சுட்டது, கீழே தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது, வேப்பமரத்தில் மயில் கத்தியது, தரையிறங்கப் போகும் விமானம் ஒன்று மொட்டை மாடிகளை உரசுகிற மாதிரித் தாழப் பறந்து ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்துவிட்டுப் போனது, எல்லாமே கேட்டது. வண்டிக்காரன் மட்டும் கழுத்து நரம்பு புடைக்க, கையை வாயருகே குவித்து, தினமும் கூவுகிற 'ஆலூ லேலோ, டமாட்டர் லேலோ'வை ஊமையாகக் கூவினான். கூவிவிட்டுத் தொண்டையைத் தடவினான். மறுபடி கூவினான். அவன் கண்ணில் இருந்த மிரட்சி மூன்றாவது மாடிவரை தெரிந்தது.

"அப்பாடா, விட்டது சனியன்" என்று அக்ஷய் உள்ளே போனான். அவ்வளவுதான் அவன் மனசு.

அக்ஷய் எலக்ட்ரானிக் இசைக்காரன். அதிலும் பரிசோதனை இசை. அதாவது ராகம் கிடையாது, தாளம் கிடையாது, பாட்டு கிடையாது, கேட்கிறவர்களும் அநேகமாகக் கிடையாது. கேட்காதவர்கள் எல்லோரும் மடையர்கள் என்பது அவன் கட்சி. ஜனக்புரியில் இருக்கும் அவன் அம்மா ஒருமுறை கேட்டுவிட்டு, "மிக்ஸி ரிப்பேராடா?" என்று கேட்டதிலிருந்து அவளிடம் இசை பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டான். இப்போது ஒருவழியாக, பெர்லினில் ஓர் இசை வெளியீட்டு லேபிள் அவனுடைய முதல் ஆல்பத்தை வெளியிட ஒப்புக்கொண்டிருந்தது. பெயர் 'நிர்ஜன்'. ஆளே இல்லாத தில்லி. மெட்ரோ பாலத்தின் அதிர்வு, டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம், லிஃப்ட் கயிற்றின் முனகல், கூலரின் ஈரமூச்சு. இவைதான் அதில் இருக்க வேண்டும்.

தில்லியில்தான் ஆட்கள் இருந்து தொலைக்கிறார்களே! மைக்கை எங்கே வைத்தாலும் எவனாவது இருமினான், எவளாவது பிள்ளையைக் கூப்பிட்டாள். அதற்கும் ஒரு மென்பொருள் வைத்திருந்தான். வேண்டாத சத்தத்தில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து 'இதுதான் இரைச்சல்' என்று காட்டிக்கொடுத்துவிட்டால் போதும், பதிவு முழுவதும் தேடிப் பிடித்து அதைத் துடைத்துவிடும். காய்கறிக்காரனை அப்படித்தான் துடைத்திருந்தான். ஆல்பத்துக்கு முன்னோட்டமாக அந்த ட்ராக் மட்டும் முந்தைய நாள் சாயங்காலம் வெளியாகியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது ட்ராக் வெளியானது. அதற்கும் அடுத்த வாரம், முழு ஆல்பமும் வெளியாகவிருந்த அன்று மத்தியானம், லிஃப்டில் மாடிவீட்டு மங்களம் மாமியைப் பார்த்தான். கூடவே அவள் கணவர் சுந்தரேசன், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி காலையில் குழந்தைகளுக்கு ஸ்லோகம் சொல்லிக்கொடுப்பாள், சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுப் பாடுவாள், நடுவில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணோடு ஹிந்தியில் சண்டை போடுவாள். மூன்றும் ஒரே ஸ்தாயியில் அக்ஷயின் கூரை வழியாக இறங்கும். 'லவுட்ஸ்பீக்கர்' என்றுதான் அவன் அவளைச் சொல்வான்.

"என்னன்னே புரியலைடா அக்ஷய்," என்றார் சுந்தரேசன். "போன வாரம் வெளக்கேத்திட்டுப் பாடிண்டிருந்தா. பாதிப் பாட்டுல நின்னு போச்சு. தொண்டைல ஒண்ணுமே இல்லை, எல்லாம் டீக் ஹைங்கறான் டாக்டர். இருமினாக்கூட சத்தம் வரலைடா. அழுதாலும் வரலை."

"ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும் மாமா," என்றான். வேறென்ன சொல்வான்?

மாமி சட்டென்று அவன் முழங்கையைப் பிடித்தாள். வளையல் குலுங்கியது கேட்டது. புடவை சரசரத்தது கேட்டது. லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. அவள் முகத்தை அவன் முகத்தருகே கொண்டுவந்து வேகமாக என்னவோ சொன்னாள். பெருங்காயமும் விபூதியும் கலந்த வாசனையோடு அவளுடைய சூடான மூச்சு அவன் கன்னத்தில் பட்டது, விட்டு விட்டுப் பட்டது, ஆனால் அந்த மூச்சுக்கும் சத்தம் இல்லை. ஒரு துளி இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

இரண்டாவது ட்ராக்கில் துடைத்தது மாமியைத்தான்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மற்ற ட்ராக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். காவல்காரன், இஸ்திரிக்காரன், எதிர்வீட்டு நாய். கடைசியாக, கூலரின் சத்தம். அதை இதே அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பதிவு செய்திருந்தான். கதவுக்கு வெளியே அவன் மகள் அபூர்வா நின்று தட்டியிருந்தாள். "அப்பா, தர்வாஜா கோலோ. அப்பா. அப்பா, ஒரே ஒரு தடவை." யூகேஜி படிக்கிற குழந்தை. அந்தக் குரலைத்தான் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று காட்டியிருந்தான்.

ஆல்பம் சாயங்காலம் வெளியாகிறது.

லேபிள்காரனுக்கு மெயில் எழுத ஆரம்பித்தான். வெளியீட்டை நிறுத்துங்கள். ஏன்? என் ஆல்பம் காய்கறிக்காரனின் குரலைத் தின்றுவிட்டது, அடுத்தது என் மகள். அடித்துவிட்டு வாசித்துப் பார்த்தான். பெர்லினில் அந்த ஆள் இதைப் பக்கத்து நாற்காலிக்காரனுக்குப் படித்துக் காட்டுவது கண்ணில் தெரிந்தது. காரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறவர்களை ஆயுள் முழுக்கக் கிண்டல் செய்தவன், இதை எழுதுவானா?

மனைவி மானசாவுக்குப் போன் செய்தான். அவள் விமான நிலையத்தில் டியூட்டியில் இருந்தாள்.

"மானசா, ரிலீஸை நிறுத்திடலாமான்னு பார்க்கறேன்."

"என்ன உளர்றே? ஏன்?"

"சும்மாதான். ஒரு மாதிரியா இருக்கு."

"வருஷக்கணக்கா ஆல்பம் ஆல்பம்னு எங்க பிராணனை வாங்கினே. வீட்டுல தும்மக்கூட முடியலை. இப்ப வந்து ஒரு மாதிரியா இருக்கா? டிராமா பண்ணாதே. ஸ்கூல் வேன் வந்துடும், அபூவைக் கூட்டிண்டு வா."

விஷயத்தை அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். அவள் சிரிப்பைவிடக் குழந்தையின் குரல் பெரிதா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மெயிலை அழித்தான். மாமிக்கு வயதாகிவிட்டது, காய்கறிக்காரனுக்கு வெயில், எல்லாம் தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு, 'எல்லாம் தயார்' என்று புதிதாக ஒரு மெயில் அனுப்பினான். கோழைப்பயல். வேறு வார்த்தை இல்லை.

ஆனால் வேனிலிருந்து குழந்தையை அழைத்து வந்ததும், அவளைக் கீழே விடவேயில்லை. தன் அறைக்கே தூக்கிப் போனான், நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டான். அந்த அறைக்குள் அவள் வந்ததே அன்றுதான். வயர்களையும் விளக்குகளையும் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"பேசு அபூ."

"க்யா பேசணும்?"

"எது வேணா பேசு. நிறுத்தாம பேசு."

அவளால் நம்ப முடியவில்லை. அப்பா பேசச் சொல்கிறார்! கொட்டித் தீர்த்தாள். கபீர் அவள் ரப்பரை எடுத்துக்கொண்டானாம். மேம் அவனை டாண்ட் பண்ணித் திட்டினாளாம். டிபனில் இருந்த தோசையை ஸ்நேகா சாப்பிட்டுவிட்டாளாம். ஜன்னலுக்கு வெளியே புழுதி பறந்து வானம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது, கூலரின் ஈரவைக்கோல் வாசனை அறை முழுக்க இருந்தது, குழந்தையின் தலையில் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் மணத்தன. அவளுடைய கீச்சுக்குரல் அவன் நெஞ்சில் அதிர்ந்தது. இவ்வளவு அழகான குரலா இது! இத்தனை நாள் காது எங்கே போயிருந்ததோ.

"அப்பறம் நானும் ஸ்நேகாவும் ஜூலால ஏறி ஆடிண்டே, அப்பா, அவ என்ன சொன்னா தெரியுமா, அவ என்ன..."

மேஜைமேல் போன் ஒளிர்ந்தது. பெர்லினிலிருந்து வாழ்த்து. ஆல்பம் வெளியாகிவிட்டது.

அபூர்வாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"அபூ?"

அசைந்தது.

"அபூ, சத்தமா சொல்லு. அப்பாவுக்குக் கேக்கலை. சத்தமா!"

கூலர் ஓடியது. எங்கோ மயில் கத்தியது. அவன் கைக்குள் அவள் விலா ஏறி இறங்கியது. மூச்சுக்குச் சத்தம் இல்லை.

மென்பொருளைத் திறந்தான். கூலர் ட்ராக்கைத் தேடி எடுத்தான். திருப்பி வைக்க வழி இருக்கும். இருந்தே ஆக வேண்டும். அதில் ஒரு பொத்தான் உண்டு: துடைத்ததை மட்டும் கேட்பதற்கு. நல்ல சத்தம் எதுவும் சேர்ந்து போய்விட்டதா என்று பார்க்க, தொழில் தெரிந்த எவனும் கட்டாயம் அதை அழுத்துவான். அக்ஷய் ஒருநாளும் அழுத்தியதில்லை. குப்பையை எவன் கிளறுவான் என்று இருந்தவன்.

ஹெட்போனை மாட்டினான். அழுத்தினான்.

"அப்பா, தர்வாஜா கோலோ. அப்பா. அப்பா, ஒரே ஒரு தடவை."

அதோடு முடிய வேண்டும். அவன் வெட்டியது அவ்வளவுதான்.

முடியவில்லை.

"அப்பா, இருட்டா இருக்கு." விசும்பல். "அப்பா, இங்க யாரோ இருக்கா."

தூரத்தில் ஓர் ஆண்குரல், தக்காளி விற்கிற குரல், வாங்க ஆளில்லாத இடத்தில் கூவிக்கொண்டே நடந்துபோனது. பிறகு இன்னொரு குரல். கிட்டத்தில். விபூதி வாசனை வருகிற அளவுக்குக் கிட்டத்தில்.

"அழாதேடி கண்ணு. மாமி இருக்கேன். உங்கப்பாவுக்குக் கேக்காது. எப்பவுமே கேட்டதில்லை."

"அப்பா!"

"அபூ! அப்பா இங்கதான் இருக்கேன்! அபூ!"

"அப்பா! அப்பா! அப்பா!"

வீறிட்டு அழுதாள். மூச்சு முட்ட அழுதாள்.

அவன் குனிந்தான். மடியைப் பார்த்தான்.

மடியில் இருந்தது அழவில்லை. வாய் மூடியிருந்தது. அபூர்வாவின் கண்கள், அபூர்வாவின் சடை, அபூர்வாவின் பள்ளிக்கூடச் சட்டை. அண்ணாந்து அவனையே பார்த்தது.

தூக்கி எறிய நினைத்தான். கை வரவில்லை.

அது சிரித்தது. சின்ன இரண்டு கைகளையும் தூக்கியது. ஹெட்போனை அவன் காதுகளோடு வைத்து அழுத்தியது. இன்னும் இறுக்கி அழுத்தியது.