ஒன்பதாம் எண் பிளக்

"ஏழாம் நம்பர் ஸ்பார்க் பிளக் நாலு... சீக்கிரம் குடுங்க மேடம், வண்டி நடுரோட்டுல நிக்குது!"

மழையை மொத்தமாகத் தலையில் வாங்கிக்கொண்டு வந்து நின்றவனை அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது... இமையில் நீர் சொட்டச் சொட்டச் சிரிக்கிற கண்களை, உதிரிபாகக் கடைக் கவுண்டரில் யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

"டர்போ வண்டியா?"

"ஆமா. நானே மாட்டினது."

"பூஸ்ட் எவ்வளவு ஏத்தியிருக்கீங்க?"

அவன் வாயைப் பிளந்தான். "இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். பொழுது போகலேன்னு கேக்கறேன்."

சொல்லிவிட்டு எட்டாம் எண் பெட்டியை எடுத்து வந்தாள். டர்போ காற்றை அழுத்தித் திணிக்கிற அளவுதான் பூஸ்ட்; அது ஏற ஏற எஞ்சினுக்குள் சூடு எகிறும். அந்தச் சூட்டைச் சட்டென்று கடத்திவிடுகிற குளிர்ந்த பிளக்தான் தாங்கும். நான்கின் முனை இடைவெளியையும் அளந்து, மெல்லத் தட்டிக் குறைத்தாள்.

"ஏழு உங்க வண்டிக்குச் சூடு. எட்டு ஒரு படி குளிர்ச்சி. இதப் போடுங்க."

பெட்டியை நீட்டுமுன் பிளக் சூடா, குளிர்ச்சியா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கடையில் அப்பா வைத்த சட்டம். கவுண்டரில் உட்கார்ந்த ஆறு வருடத்தில் அவள் ஒருமுறைகூட அதை மீறியதில்லை.

மறுவாரமே வந்தான். வண்டி பறக்கிறதாம். அதற்கடுத்த வாரம் ஒரு வாஷருக்காக. பிறகு ஒரு கிளிப்புக்காக... பிறகு இன்னொரு வாஷருக்காக. "அந்தத் தம்பி வண்டியில இன்னும் எத்தன வாஷர்மா பாக்கி?" என்று அப்பா கேட்டபோது அவள் அலமாரிக்குப் பின்னால் போய் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

பந்தய அணி ஒன்று எஞ்சினை முடுக்கி வேகம் கூட்டத் தெரிந்த டியூனரைத் தேடுகிறது, ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டி இருபது சுற்று ஓடிக்காட்டினால் வேலை அவனுக்கு என்று முதலில் அவளிடம்தான் சொன்னான். தனக்கே வேலை கிடைத்த மாதிரி அவள் பூரித்துப் போனாள்.

சனிக்கிழமை காலை நண்பர்கள் இருவரோடு வந்தான். பூஸ்ட்டை இன்னும் ஏற்றியிருந்தான்.

"இவ்வளவு வேணாமே... கொஞ்சம் குறைச்சிடுங்க. பிளக்கும் இன்னும் ஒரு படி குளிர்ச்சியா போடணும்."

நண்பர்களில் ஒருவன் சிரித்தான். "டியூனர் நீயாடா, அவங்களா?"

அவன் முகம் சிவந்தது. "விடுடா... பெட்டி எடுத்துக் குடுக்கறவங்க ஏதோ காதுல விழுந்தத சொல்றாங்க. மேடம், ஒன்பது குடுங்க. கிளாஸ் எடுக்க வேணாம்."

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. வாரக்கணக்கில் ரசித்த அந்தக் கண்களா இப்படி ஏளனமாகப் பார்க்கின்றன?

"நீங்க வழக்கமா வாங்கற கம்பெனில ஒன்பது தீந்துபோச்சு. வேற கம்பெனிதான் இருக்கு."

"ஒன்பதுதானே? குடுங்க."

அந்த வேறு கம்பெனியில் கணக்கே தலைகீழ். எண் ஏற ஏறச் சூடு. அவனுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது... விழுங்கிவிட்டாள். பெட்டியை நீட்டினாள். சூட்டைச் சொல்லவில்லை.

அவன் எண் அவள் போனில் இருந்தது. மாலைக்குள் மூன்று முறை எடுத்தாள், மூன்று முறையும் வைத்தாள். அவனே வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்ற வீம்பு. பாழாய்ப்போன வீம்பு!

ஞாயிற்றுக்கிழமை, ஆறாவது சுற்றில் பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்தது. வேலை இன்னொருவனுக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை தனியாக வந்தான். வாஷர் எதுவும் கேட்கவில்லை.

"பூஸ்ட்டக் குறைன்னு சொன்னீங்க. கேக்கல. பசங்க முன்னாடி உங்கள அப்படிப் பேசினேன் பாருங்க... அதுக்குத்தான் இந்த அடி. மன்னிச்சிடுங்க." கவுண்டரின் விளிம்பை விரலால் தேய்த்தான். "வேலை போனதுகூடப் பெருசா தெரியல. இனிமே இங்க வர முடியாதோன்னுதான்... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

எத்தனை நாளாய்க் காத்திருந்த வார்த்தை! ஒரு 'எனக்கும்' போதும், அவன் அவளுக்கு. உண்மை அந்தப் பெட்டியோடு போய்விடும். யாருக்கும் தெரியப் போவதில்லை... ஆனால் அவள் குற்றத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு எதிரே அவன் தலைகுனிந்து நிற்கிறானே!

"பூஸ்ட் மட்டும் இல்ல," என்றாள். "அந்த கம்பெனில ஒன்பதுன்னா சூடு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அவன் நிமிர்ந்தான்.

"ஏன் இப்ப சொல்றீங்க? நான் கேக்கவே இல்லையே."

"எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. அதான்... மறைச்சு வச்சுக்கிட்டு உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

அழுதுவிட்டாள். அவன் துடைக்க வரவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வாசல் வரை போய், முதுகைக் காட்டியபடியே நின்றான்.

"கோவம் தீர எத்தன நாள் ஆகும்னு தெரியல."

"தீந்தா... வருவீங்களா?"

"தீரலேன்னாலும் வருவேன். அதுதான் எனக்கு இன்னும் கோவமா இருக்கு."

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.