அட்டைக்குப் பின்னால் மூன்று அங்குலம்

காலை 9.20. மணவாள நகர்.

தன் போட்டோ ஸ்டுடியோ ஷட்டரைத் தூக்கிய வசந்தகுமாரின் கண்ணில் முதலில் பட்டது காலி பிரேம்தான். கண்ணாடி அலமாரியின் நடுவே இருபத்தேழு வருஷமாக ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்த இடம் அது. இப்போது படம் மட்டும் இல்லை. பக்கத்திலேயே இரண்டு லட்ச ரூபாய் கேமரா வைத்தபடி இருந்தது.

9.50.

சப்-இன்ஸ்பெக்டர் இளமதி உள்ளே வந்ததும் ஒரு கணம் நின்றாள். அதே பவுடர் வாசனை. அவளுடைய முதல் பிறந்தநாள் படமும் இங்கே எடுத்ததுதான். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, அழுது சிவந்த மூக்கு. அம்மா இன்னும் அதைப் பீரோவில் வைத்திருக்கிறாள்.

"பூட்டு?"

"ஒடைக்கல மேடம். பூட்டினபடியே இருந்துச்சு."

"சாவி?"

"என்கிட்ட மட்டும்தான்."

"யார் மேல சந்தேகம்?"

"பார்த்திபன். படத்துல இருக்கிற கொழந்தையே அவன்தான். கும்மிடிப்பூண்டியில கம்பெனி வேலை. பத்து நாள்ல கல்யாணம், மேடையில வெக்க இந்தப் படமே வேணும்னான். தர மாட்டேன்னுட்டு, போன்ல காப்பி எடுத்து அனுப்பினேன். 'தூக்கினு போயிடுவேன் பாரு'ன்னு கத்திட்டுப் போனான்."

"நெகட்டிவ்?"

"வெள்ளத்துல போச்சு. இருந்தது அந்த ஒரே பிரிண்ட்."

இளமதி பிரேமைத் திருப்பினாள். பின்பக்கத்துச் சின்ன ஆணிகள் மரத்தில் ஒரு கீறல் இல்லாமல் பிடுங்கப்பட்டு, அலமாரித் தட்டில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் ஜன்னல்போல் வெட்டிய வெள்ளை அட்டை அப்படியே இருந்தது.

பக்கத்துக் கடை அப்பாவு என்ற பெரியவருடையது. படங்களுக்குப் பிரேம் போடுகிறவர். வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஈஸ்வரியக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள் இளமதி.

"போய்ச் சேந்து மூணு மாசம் ஆச்சும்மா."

அப்பாவுவின் மனைவி ஈஸ்வரிதான் அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் குழந்தைகளைப் பிடித்துக்கொள்வாள். கேமராவுக்குத் தெரியாமல் ஸ்டூலின் ஓரம் குந்தி, ஒரு கையால் இடுப்பைத் தாங்கி, "குருவி பாரு, குருவி பாரு" என்பாள். இளமதியின் தம்பி அந்தக் குரலுக்கு மட்டும்தான் அழுகையை நிறுத்துவான்.

"அந்தப் படத்தைக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம். ரெண்டு பேரும் சிரிச்சிக்கினுதான் இருந்தாங்க."

வசந்தகுமாரையும் யாரோ வாடிக்கையாளரையும் சொல்கிறார் என்று நினைத்து இளமதி அப்படியே எழுதிக்கொண்டாள்.

பகல் 12.40. கும்மிடிப்பூண்டி.

பார்த்திபன் தூக்கக் கண்களோடு அறைக் கதவைத் திறந்தான்.

"நைட் ஷிப்ட் மேடம். ராத்திரி எட்டு மணிக்கு உள்ள போனேன், காலையில எட்டுக்குத்தான் வெளிய வந்தேன். கேட்ல கேட்டுப் பாருங்க."

கம்பெனி வாசலில் விசாரித்தாகிவிட்டது. உண்மைதான்.

அவன் சுருட்டி வைத்திருந்த பேனரை விரித்தான். போனில் வந்த காப்பியை வைத்து அடித்தது. ஆளுயரத்துக்கு அந்தக் குழந்தைச் சிரிப்பு.

"கோவத்துல பேசினது நெசம். ஆனா எனக்கு வேண்டியதுதான் கெடச்சிடுச்சே. நான் எதுக்குத் திருடணும்?"

திரும்பும் வழியில், பெரியபாளையத்தில் டீ குடித்தபோது இளமதி அதையேதான் யோசித்தாள். குழந்தை வேண்டுமென்றால் காப்பி போதும். காப்பியில் இல்லாத எது பிரிண்டில் இருந்தது?

மாலை 3.30. மணவாள நகர் ஸ்டுடியோ.

அவள் பிரேமைக் கழற்றினாள். வெள்ளை அட்டையை, படத்துக்கு அடியில் இருந்த பழுப்பு அட்டையின் மேல் வைத்தாள். பிரிண்ட் இருந்த தடம் வெளிறித் தெரிந்தது. அந்தத் தடம் வெள்ளை அட்டையின் ஜன்னலைவிட இடப்பக்கம் மூன்று அங்குலம் பெரியது.

"இந்த ஓரத்துல இன்னா இருந்துச்சுண்ணே?"

வசந்தகுமார் நெற்றியைத் தேய்த்தார். "ஏதோ குறுக்கால விழுந்துச்சு மேடம். கொழந்த சிரிப்பு நல்லா வந்ததால தூக்கிப் போட மனசு வரல. அட்டை வெச்சு மூடிடுன்னு அப்பாவுகிட்ட சொன்னேன்."

இளமதி நோட்டைப் புரட்டினாள்.

"இன்னொரு சாவி இருக்கா?"

"அப்பாவு கடையில தொங்கும். அவசரத்துக்கு. அவரு வேத்து ஆளா இன்னா?"

3.45.

பழி விழுந்த ஆத்திரத்தில் பார்த்திபனும் பைக்கில் பின்னாலேயே வந்திருந்தான். மூன்று பேரும் பக்கத்துக் கடைக்குள் நுழைந்தார்கள்.

"படத்தை எடுத்தது நீங்கதான் பெரியவரே," என்றாள் இளமதி. "ஆணி பிடுங்கினது பழகின கை. மூடின ஓரத்துல இன்னா இருக்குன்னு ஞாபகம் வெச்சிருந்தது, மூடினவரு மட்டும்தான். வெளிய தெரிஞ்சது ஒரு கொழந்தை. நீங்க 'ரெண்டு பேரும்'னு சொன்னீங்க. நான்தான் தப்பா புரிஞ்சிக்கினேன்."

அப்பாவு மறுக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, வேட்டித் துண்டில் சுற்றியிருந்த பிரிண்டை எடுத்துப் பிரித்தார்.

குழந்தையின் கை யாருடைய தலைமுடியையோ இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்த இழுப்பில் ஈஸ்வரியின் முகம் படத்துக்குள் வந்து விழுந்திருந்தது. முப்பத்தைந்து வயது முகம். கண் சுருங்க, வாய்விட்ட சிரிப்பு.

"என்னைக் கேட்டிருக்கலாமே அப்பாவு," என்றார் வசந்தகுமார்.

"மூணு தபா கேட்டேன். ஈஸ்வரி படம் எதுனா இருக்கான்னு. கம்ப்யூட்டர விட்டுத் தலையத் தூக்காமலே இல்லன்னுட்டே." அப்பாவுவின் குரல் உயரவில்லை. "ஆதார் கார்டு படத்தத்தான் பெருசு பண்ணி மால போட்டேன். நோவுல கெடந்தப்ப எடுத்தது. அது அவளே இல்ல. இருவது வருசம் ஊரு புள்ளைங்களப் புடிச்சிக்கினு குந்தியிருந்தா. ஒரு தபாகூட 'நீயும் உக்காரு'ன்னு நீ சொல்லல. ஆத்திரத்துல, இனிமே இவங்கிட்ட இன்னா கேக்கறதுன்னு எடுத்துட்டேன்."

வசந்தகுமார் அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "கம்ப்ளெய்ண்ட் வேணாம் மேடம்," என்றார்.

பார்த்திபன் குனிந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தச் சிரிப்பை அவன் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று இன்றுதான் தெரிந்தது.

"இவங்க யாருங்க?"

"என் சம்சாரம்," என்றார் அப்பாவு. "ஈஸ்வரி."

"மேடையில இதையே முழுசா வெக்கறேன். நீங்க வரணும்."

வசந்தகுமார் எழுந்துபோய்க் கேமராவைக் கொண்டுவந்தார். காப்பி எடுக்கப் படத்துக்காகக் கை நீட்டினார். அப்பாவு தரவில்லை. அதை நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்கு வந்து நின்றார்.

"இங்கியே எடு."